பெட்டிக்குள் இருந்த பதில்!

பி.காம். படித்தவன் என்று தெரிந்தால் போதும், சங்கத்து வேலையெல்லாம் தலையில் விழும். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் எனக்கு விழுந்தது, உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்கும் வேலை.

கையில் கிடைத்தது சிவி சி.ஆர்.எம். சங்கங்கள், தொண்டு நிறுவனங்களுக்கென்றே 2005-ல் வந்த சாஃப்ட்வேர். லைசென்ஸ் காசு கிடையாது. பெயர், போன், சந்தா பாக்கி எல்லாம் ஒரே இடத்தில். கேள்வி அனுப்பினால் பதிலும் அவரவர் பெயருக்கு எதிரே போய் உட்கார்ந்துகொள்ளும். பதில் போடாதவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து நச்சரிக்கலாம். வசதிதான்!

வந்த பதில்களைப் பார்த்துச் செயலாளர் பூரித்துப் போனார். 'சங்கம் சிறப்பாக இயங்குகிறது' - கிட்டத்தட்ட எல்லோரும் இதே பாட்டு.

மறுநாள் மாடிப்படியில் ஒரு பெரியவர் மடக்கினார்.

"தம்பி, நான் எழுதினது என் பேரோடயா இருக்கும்? செயலாளர் பார்ப்பாரா?"

"பார்க்கலாம் சார்."

"அப்ப அதை நம்பிடாதே. குழாய் உடைஞ்சா பிளம்பரை அனுப்பறது அவர்தானே!"

சுரீரென்றது. சந்தா பாக்கிக்கும் புது விலாசத்துக்கும் பெயர் வேண்டும். குறை கேட்க, பெயர் இருக்கவே கூடாது. வாட்ச்மேன் அறையில் ஒரு அட்டைப்பெட்டி வைத்தோம். பெயர் எழுதாமல் சீட்டுப் போடலாம்.

பெட்டியைத் திறந்தபோது செயலாளரும் பக்கத்தில் இருந்தார். முதல் சீட்டு: 'தண்ணீர் லாரிக் கணக்கு இரண்டு வருஷமாக எங்கே?' அடுத்ததிலும் அதேதான். அதற்கடுத்ததிலும்.

செயலாளர் மெல்லக் குனிந்தார்.

"இது யார் கையெழுத்துன்னு தெரியுதா தம்பி?"