முதுகுவலியா? முதல் முறை பிசியோதெரபிக்குப் போகும் நண்பர்களுக்கு...

(இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்)



"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பார்கள். நம்மில் பலர் வீட்டில் முதுகு நன்றாக இருந்தால்தான் அன்றைக்குக் கூலி. கூலி வந்தால்தான் அடுப்பு எரியும், நம் தேர்வுக் கட்டணமும் கட்ட முடியும். எங்கள் அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அவருக்கு இடுப்பு பிடித்து, இடது கால் வரை வலி இறங்கியபோது மாவட்ட அரசு மருத்துவமனைக்குத் துணையாகப் போனது நான்தான். சீட்டைப் படிக்கத் தெரிந்த ஆள் எங்கள் வீட்டில் நான் மட்டுமே. அங்கே பார்த்ததையும், பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். உங்கள் அப்பா அம்மாவுக்கோ, ஒர்க்‌ஷாப்பில் குனிந்து நிமிரும் உங்களுக்கோ இது உதவலாம்.

முதுகும் ஒரு நெம்புகோல்தான்!

அப்ளைடு மெக்கானிக்ஸில் படித்த கணக்குதான். 20 கிலோ பொருளை உடம்பிலிருந்து 40 செ.மீ. தள்ளிப் பிடித்துத் தூக்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகுத் தசையோ முதுகெலும்பிலிருந்து சுமார் 5 செ.மீ. தூரத்தில்தான் இழுக்கிறது. மொமென்ட் போட்டுப் பார்த்தால், அந்தச் சுமைக்கு மட்டுமே தசை 160 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும்! அதே பொருளை வயிற்றோடு அணைத்து 20 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் 80 கிலோ போதும். லேத் சக்கைக் கழற்றி மாட்டும்போது இதை நினைவில் வையுங்கள்.

முதலில் டாக்டர்

காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கி, எலும்புப் பிரிவு டாக்டரைப் பாருங்கள். பழைய சீட்டு, மாத்திரை அட்டை, எக்ஸ்ரே இருந்தால் கையோடு எடுத்துப் போகவும். அவர் முக்கியமாகத் தேடுவது ஆபத்தான அறிகுறிகளை. சிறுநீர் போக முடியாமை அல்லது அடக்க முடியாமை, தொடையிடுக்கும் பிட்டமும் மரத்துப்போதல், காலில் பலம் குறைந்துகொண்டே போதல் - இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். காய்ச்சல், காரணமில்லாமல் உடம்பு இளைத்தல், கீழே விழுந்தது ஆகியவற்றையும் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

"எக்ஸ்ரே எழுதலையேப்பா, சரியா பாக்கலையோ?" என்று அப்பா சந்தேகப்பட்டார். டிஸ்க்கும் நரம்பும் எக்ஸ்ரேயில் தெரியாது. ஆபத்தான அறிகுறி இல்லாதபோது, எடுத்த எடுப்பிலேயே எக்ஸ்ரே பெரும்பாலும் தேவைப்படாது.

பிசியோதெரபி அறையில் என்ன நடக்கும்?

தமிழில் இதை இயன்முறை சிகிச்சை என்கிறார்கள். தளர்ந்த உடை நல்லது. முதல் நாளில் பாதி நேரம் கேள்விதான். எப்போது ஆரம்பித்தது, எதைச் செய்தால் கூடுகிறது, என்ன வேலை, ராத்திரி தூக்கம் வருகிறதா? பூச்சியத்திலிருந்து பத்துக்குள் வலிக்கு மார்க் போடச் சொல்வார்கள். அப்பா முதலில், "லேசான வலிதாங்க மேடம்" என்றார். நம் பெரியவர்கள் அப்படித்தான்! அவர் திரும்பக் கேட்ட பிறகே, "மூட்டையத் தூக்கினா பத்து, இப்படி உக்காந்தா ரெண்டு" என்று உண்மை வந்தது. அந்தப் பதிலை வைத்துத்தான் மேற்கொண்டு சோதித்தார்.

பிறகு முன்னும் பின்னும் வளையச் சொல்வார்கள். படுக்கவைத்து, முட்டி மடங்காமல் காலை மெதுவாகத் தூக்குவார்கள். அப்போது வலி முட்டிக்குக் கீழே ஓடினால் நரம்பு அழுந்தியிருக்கலாம் என்று ஊகிப்பார்கள். கட்டைவிரலின் பலம், தொடு உணர்ச்சி, சிறு சுத்தியலால் தட்டி முட்டியின் துள்ளல் எல்லாம் பார்ப்பார்கள். வலித்தால் உடனே சொல்லுங்கள். பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டியதில்லை.

கரண்டு வைப்பது

மக்கள் "கரண்டு வைக்கிறது" என்று சொல்வது ஐ.எஃப்.டி., டென்ஸ் போன்ற கருவிகளை. ஷாக் அடிக்காது, சுருசுருவென்று இருக்கும். எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்கு ஒரு தகவல்: சூடு கொடுக்கும் ஷார்ட்வேவ் டயதெர்மி 27.12 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. உடம்பில் பேஸ்மேக்கரோ உலோகத் தகடோ இருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஆனால் மெஷினைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்புவலிக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் உடற்பயிற்சியைப் பரிந்துரைத்துவிட்டு, இழுவை, அல்ட்ராசவுண்டு, டென்ஸ், இடுப்பு பெல்ட் ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்றது.

இது எங்களுக்குப் பெரிய ஆறுதல். "தெனமும் வரணுங்களா மேடம்? வந்தா கூலி போயிரும்" என்று அப்பா தயங்கினார். "வாரம் ஒரு நாள் வாங்க ஐயா, போதும். ஆனா வீட்டுல தெனம் ரெண்டு வேளை இதச் செய்யணும்" என்று சொல்லி, முட்டியை மார்போடு அணைப்பது, படுத்தபடி இடுப்பைத் தூக்குவது, நடப்பது என்று செய்யவைத்தே அனுப்பினார். நான் அவற்றைப் படம் வரைந்து சுவரில் ஒட்டினேன். அப்பாவுக்கு எழுத்து வேண்டாம், படம் போதும். ஒன்றிரண்டு நாள் உடம்பு அசதியாக இருந்தது, அது சகஜம். வலி முழுக்கப் போய்விடவில்லை. ஆனாலும் தூக்கம் வருகிறது, மண்டிக்கும் போகிறார்.

நெட்டி எடுத்தால் சரியாகுமா?

1895-இல் அமெரிக்காவில் டேனியல் டேவிட் பால்மர் தொடங்கிய கைரோபிராக்டிக் முறையில், முதுகெலும்பைக் கையால் சட்டென்று அழுத்தித் தள்ளுவார்கள். 'சொடக்' சத்தம் எலும்பு இடத்தில் உட்காரும் சத்தமல்ல. மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழ் உண்டாகும் சத்தம். பயிற்சி பெற்றவர், சோதித்த பிறகு செய்தால் இடுப்புவலி சிலருக்குக் குறையலாம். முடிவெட்டும் கடையில் கழுத்தைத் திருகி நெட்டி எடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அரிதாக, கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரலாம்.

கிளம்பும் முன் கேட்க வேண்டியவை

1. எனக்கு வந்திருப்பது என்ன?
2. எந்த வேலை செய்யலாம், எது கூடாது?
3. எத்தனை நாளில் குறைய வேண்டும்? குறையாவிட்டால்?

படுத்தே கிடப்பது பழைய வைத்தியம். முடிந்தவரை நடமாடுவதே இன்றைய அறிவுரை. நடக்க முடியாத பெரியவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள்.

நண்பர்களே, வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் நம் பெற்றோர் வாய் திறக்கத் தயங்குவார்கள். அவர்கள் பக்கத்தில் நின்று வலியைச் சொல்லவைப்பதும், சந்தேகத்தைக் கேட்பதும், வீட்டுப் பயிற்சியை நினைவுபடுத்துவதும் படித்த பிள்ளைகளான நம் கடமை. சிகிச்சையில் பாதி அங்கேதான் இருக்கிறது.