ஜெஃப்ரி பாவா

ஜெஃப்ரி மனிங் பாவா (ஜூலை 23, 1919 – மே 27, 2003) இலங்கையைச் சேர்ந்த கட்டிடக்கலைஞர் ஆவார். 20 ஆம் நூற்றாண்டில் ஆசியாவில் தோன்றிய முக்கியமான கட்டிடக்கலைஞர்களுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். வெப்பமண்டல நவீனவியம் எனப்படும் கட்டிடக்கலைப் போக்குடன் இவரது பெயர் பெரிதும் இணைத்துப் பேசப்படுகிறது. இலங்கையில் மட்டுமன்றி இந்தியா, இந்தோனீசியா, மொரீசியசு ஆகிய நாடுகளிலும் இவர் பணியாற்றியுள்ளார்.

இளமைக்காலம்

பாவா கொழும்பில் பிறந்தார். தந்தை பெஞ்சமின் பாவா ஒரு வழக்கறிஞர். முசுலிம், ஆங்கிலேய வழிவந்தவர். தாய் பெர்த்தா பறங்கியர் குடும்பத்தைச் சேர்ந்தவர். கொழும்பு ரோயல் கல்லூரியில் படித்த பின் 1938 இல் கேம்பிரிட்ச் சென்று ஆங்கில இலக்கியமும், தொடர்ந்து இலண்டனில் சட்டமும் பயின்று, 1944 இல் பாரிசுட்டர் ஆனார். நாடு திரும்பிச் சில காலம் சட்டத்தொழில் செய்தாராயினும் அதில் அவருக்கு ஈடுபாடு ஏற்படவில்லை. 1946 இல் தாய் இறந்ததும் தொழிலைக் கைவிட்டு நீண்ட உலகப் பயணம் மேற்கொண்டார். இத்தாலியிலேயே வீடு வாங்கித் தங்கிவிடவும் எண்ணியிருந்தார். அது கைகூடாமல் 1948 இல் இலங்கை திரும்பி, பெந்தோட்டைக்கு அருகே லுனுகங்கை என்னும் இறப்பர்த் தோட்டத்தை வாங்கினார். அதனை இத்தாலியப் பாணித் தோட்டமாக மாற்ற முயன்றபோதுதான், தனக்குத் தொழில்நுட்ப அறிவு போதாது என்பதை அவர் உணர்ந்தார். கொழும்பில் எச். எச். ரீட் என்பவரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். 1952 இல் ரீட் காலமானதும் மீண்டும் இலண்டன் சென்று கட்டிடக்கலைச் சங்கப் பள்ளியில் பயின்று, 1957 இல் தகுதி பெற்றார். அப்போது அவருக்கு வயது 38. பலர் தம் தொழிலில் நிலைபெற்றுவிடும் வயதில்தான் இவர் அதனைத் தொடங்கினார்.

தொழில் வாழ்க்கை

நாடு திரும்பிய பாவா, ரீட்டின் எட்வேட்சு, ரீட் அண்ட் பெக் நிறுவனத்தைப் பொறுப்பேற்றார். 1959 இல் தென்மார்க்கைச் சேர்ந்த உல்ரிக் பிளெசுனர் அவருடன் இணைந்தார். 1967 இல் அவர் விலகிய பின் பொறியாளர் கே. பூலோகசுந்தரம் நெடுங்காலம் பாவாவின் பங்காளராக இருந்தார். பாவாவின் கூரைகள் பற்றி எழுதுவோர் பலர் அவற்றைத் தாங்கி நிற்கும் பொறியியலைப் பற்றி எழுதுவதில்லை.

தொடக்கக் காலக் கட்டிடங்களில், தட்டையான கூரையும் வெண்ணிறச் சுவர்களும் கொண்ட ஐரோப்பிய நவீனவியத்தின் செல்வாக்கு இருந்தது. கொழும்பின் மழையிலும் ஈரப்பதனிலும் அச்சுவர்கள் விரைவில் பாசி படிந்து கறுத்துப் போயின. 1960களில் அன்னியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் உருக்கு, கண்ணாடி போன்றவற்றின் இறக்குமதியும் கட்டுப்படுத்தப்பட்டது. இதனால் செங்கல், கருங்கல், மரம், ஓடு முதலிய உள்ளூர்ப் பொருட்களும், அகன்ற இறவாரங்களும், முற்றங்களும் இவரது கட்டிடங்களில் இடம்பெறலாயின. பிற்காலத்தில் மரபின் மீட்சி எனப் போற்றப்பட்ட பாணி, ஓரளவுக்குத் தேவையினாலும் பிறந்தது எனலாம். நெளி தகடுகளின் மேல் அரைவட்ட ஓடுகளைப் பதிக்கும் கூரை முறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: கீழிருக்கும் தகடு மழையைத் தடுக்கும், மேலிருக்கும் ஓடு வெப்பத்தைத் தணிக்கும்.

உள்ளூர்க் கைவினையையும் நவீன வாழ்க்கையையும் இணைக்கும் முயற்சி பாவாவுடன் தொடங்கியதன்று. மினெட் டி சில்வா 1950களின் தொடக்கத்திலேயே கண்டியில் அத்தகைய வீடுகளைக் கட்டியிருந்தார். பிளெசுனர் முதலில் இலங்கை வந்ததும் அவரிடம் பணியாற்றுவதற்கே. அவருக்குரிய இடம் மிகவும் பிந்தியே அளிக்கப்பட்டது.

முக்கிய கட்டிடங்கள்

1960களின் இறுதியில் கட்டப்பட்ட பெந்தோட்டை கடற்கரை விடுதி, பின்னாளில் ஆசியாவில் எழுந்த பல சுற்றுலா விடுதிகளுக்கு முன்மாதிரி ஆனது. 1970 இல் ஒசாக்கா உலகக் கண்காட்சியின் இலங்கை மண்டபத்தையும் இவரே வடிவமைத்தார். 1970களில் பாலித்தீவின் பத்துஜிம்பாரில், ஓவியர் டொனால்ட் பிரெண்டுக்காகப் பணிபுரிந்தார். அதே காலத்தில் மதுரையில் மதுரா கோட்சு ஆலைக்காக ஒரு மனமகிழ் மன்றத்தை அமைத்தார். உள்ளூர்க் கருங்கல்லும் பழைய கட்டிடங்களிலிருந்து பெற்ற தூண்களும் பயன்படுத்தப்பட்ட அக்கட்டிடம் பின்னர் தங்குவிடுதி ஆயிற்று.

இவரது மிகப் பெரிய பணிகளுள் ஒன்று கோட்டேயில் உள்ள இலங்கை நாடாளுமன்றம். 1979 இல் ஜனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்தனா இப்பணியை ஒப்படைத்தார். சதுப்பு நிலத்தை அகழ்ந்து ஏரியாக்கி, அதன் நடுவே எஞ்சிய மேட்டைத் தீவாக்கி அதன்மீது கட்டிடத்தை அமைத்தார் பாவா. நடு மண்டபத்தைச் சூழச் சிறு மண்டபங்கள் சமச்சீரின்றி நிற்க, எல்லாவற்றையும் செப்புக் கூரைகள் மூடுகின்றன. சப்பானிய நிறுவனம் ஒன்றால் கட்டப்பட்டு 1982 ஏப்ரலில் திறக்கப்பட்டது. தலைநகரக் கட்டிடங்களுக்கு வழக்கமான நேரான பெருவீதியும் மையக் குவிமாடமும் இங்கு இல்லை.

கடும் எதிர்ப்பைச் சந்தித்த கட்டிடம் தம்புள்ளைக்கு அருகிலுள்ள கந்தளம விடுதி (1994) ஆகும். முதலில் சிகிரியாவின் அருகே இடம் பார்க்கப்பட்டது. பாவா அதனை ஏற்காமல், தொலைவில் சிகிரியாக் குன்று தெரியும்படி, குளக்கரையின் பாறைச்சரிவைத் தேர்ந்தெடுத்தார். குளத்து நீர் மாசடையும், புனிதத் தலத்தின் சூழல் கெடும் என்று பிக்குகளும் சூழல் ஆர்வலர்களும் போராடினர். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கட்டிடத்தின் முகப்பைக் கொடிகள் மூடிவிட்டதால், குளத்தின் மறுகரையிலிருந்து அதனைப் பிரித்தறிவதே கடினம். ஆனால் போராடியவர்களின் கேள்வி தோற்றம் பற்றியது மட்டுமன்று.

இறுதிக்காலம்

1993 இல் தேசமான்ய பட்டம் பெற்றார். 1998 இல் ஏற்பட்ட பக்கவாதத்தால் பேச்சை இழந்தார். 2001 இல் கட்டிடக்கலைக்கான ஆகா கான் விருதின் தலைவர் விருது வழங்கப்பட்டது. லுனுகங்கைத் தோட்டத்திலேயே அவரது நினைவிடம் உள்ளது. 1962 இல் அவர் கொழும்பில் கட்டி முடித்த ஏனா டி சில்வா வீட்டின் காணி விற்பனையானபோது, 2009 இல் வீடு கல் கல்லாகக் கழற்றப்பட்டு அதே லுனுகங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. அங்கு அதனை மீண்டும் கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் சென்றன.