விருந்தாளிகள் குடிமக்களான வரலாறு

1961 அக்டோபர் 30ஆம் நாள் மேற்கு ஜெர்மனியும் துருக்கியும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. போரின் அழிவிலிருந்து மீண்டெழுந்த ஜெர்மனியின் ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் ஆட்கள் தேவைப்பட்டனர். அனத்தோலியாவின் சிற்றூர்களிலிருந்து இரயிலேறிச் சென்ற அம்முஸ்லிம் உழைப்பாளர்களுக்கு ஜெர்மானியர் இட்ட பெயர், 'விருந்தாளித் தொழிலாளர்'. விருந்தாளி ஒருநாள் விடைபெற வேண்டியவர் அல்லவா?

1973இல் ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. ஊர் திரும்பினால் மீண்டும் வர இயலாது என்றஞ்சிய பலர், மனைவி மக்களையும் அங்கேயே அழைத்துக்கொண்டனர். ஆயினும், அங்கு பிறந்த குழந்தைகளும் சட்டத்தின் பார்வையில் அயலாரே! இரத்த வழியையே அளவுகோலாகக் கொண்டிருந்தது 1913ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம்.

1991இல் கதவு சற்றே திறந்தது. 15 ஆண்டுகள் வாழ்ந்த பெரியோரும், 8 ஆண்டுகள் வாழ்ந்த இளைஞரும் குடியுரிமை பெற வழி பிறந்தது. 2000இல் அனைவர்க்கும் 8 ஆண்டுகள் என்றாயிற்று. நெடுங்காலம் வாழ்ந்த பெற்றோரின் பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே குடியுரிமை கிடைத்தது. 2024 ஜூன் முதல் 5 ஆண்டுகளே போதும். பழைய குடியுரிமையைத் துறக்கவும் வேண்டியதில்லை.

குடியுரிமை என்பது ஒரு தாள்தானே, அதனால் வயிறு நிறையுமா என்று கேட்கலாம். நிறையும். நிரந்தர அரசு அலுவலர் பதவிகள் பொதுவாகக் குடிமக்களுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தினருக்கும் உரியவை. நாளை இருப்பாரோ போவாரோ என்று ஐயுறும் முதலாளி, அத்தொழிலாளிக்குப் பயிற்சியளிக்கத் தயங்குவார். தொழிலாளியும் அந்நாட்டு மொழியைக் கற்கப் பொருளும் காலமும் செலவிடத் தயங்குவார். குடியுரிமை இவ்விரு தயக்கங்களையும் தணிக்கிறது.

இச்சட்ட மாற்றங்களை ஆராய்ந்த பொருளியலறிஞர் கிறிஸ்டினா காத்மானும் நிக்கோலஸ் கெல்லரும் ஓர் உண்மையைக் கண்டனர்: விரைந்து குடியுரிமை பெற்றதால் மிகுதியும் பயனடைந்தோர் பெண்களே. அவர்களுக்கு வேலை கூடிற்று. அது நிலையான வேலையாகவும் அமைந்தது. மொழியறிவும் தொழிற்பயிற்சியும் பெருகின. ஆண்களுக்குக் கிட்டிய ஆதாயம் சிறிதே.

உள்ளூராரின் பிழைப்பு பறிபோகாதா என்ற அச்சம் எந்நாட்டிலும் எழுவதே. ஆனால், குடியுரிமை கேட்டு நிற்பவர் புதிதாய் வந்தவரல்லர். பல்லாண்டுகளாக அங்கேயே உழைத்து வரி செலுத்துபவர். அவர் தம் திறனுக்கேற்ற வேலைக்கு உயர்ந்தால், அரசுக்குச் சேரும் வரியும் உயரும்.

எனினும், முதல் தலைமுறைக்கு இந்நீதி காலங்கடந்தே வந்தது. சுரங்கத்திலும் வார்ப்பாலையிலும் இளமையைக் கரைத்தவர்களுள் பலர், குறைந்த ஊதியத்தோடு உழைத்துக் குறைந்த ஓய்வூதியத்தோடு முதுமையடைந்தனர். 2024ஆம் ஆண்டுச் சட்டம் அம்முதியோருக்குக் குடியுரிமைத் தேர்வை நீக்கி, பேச்சு மொழியறிவே போதும் என்றது. அவர்களுள் எத்தனையோ பேர் அதற்குள் மண்ணறை சேர்ந்துவிட்டனர்.

உழைப்பை வரவேற்கும் நாடு உழைப்பவரையும் வரவேற்றாக வேண்டும். அதைத் தாமதித்தால், இழப்பு வந்தவருக்கு மட்டுமன்று, அழைத்தவருக்கும்தான்.