பாலம் முடியும்வரை யார் பொறுப்பு?

இலங்கையின் கிழக்கில் ஆற்றையும் களப்பையும் கடக்க உதவும் மிதவையை மக்கள் ‘பாதை’ என்றே சொல்கிறார்கள். அந்தச் சொல்லே போதும், அது வீதியின் ஒரு துண்டு என்று புரிந்துகொள்ள. வீதிக்கு அரசு பொறுப்பு என்றால் பாதைக்கும் அரசுதான் பொறுப்பு. கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்குப் போகிறவர்கள் நெடுங்காலம் பாதைக்காகக் காத்து நின்றவர்கள். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபோது அந்தக் காத்திருப்பு முடிந்தது. ஆனால் அதே கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணியில், புதிய பாலத்தின் வேலை முடியாமல் கிடந்ததால் மக்கள் மறுபடியும் ஒரு மிதவையில் ஏற வேண்டி வந்தது. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, பாடசாலைக்குப் போகும் நேரத்தில், அந்த மிதவை கவிழ்ந்தது. அன்றே ஆறு பேர் இறந்தார்கள். அவர்களில் கூடுதலானோர் சிறுவர்கள். அடுத்த நாட்களில் வைத்தியசாலையில் அந்த எண்ணிக்கை இன்னும் கூடியது.

வரவு செலவுத் திட்ட விவாதம் நடந்துகொண்டிருந்த பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சியினர் உடனே இதை எழுப்பினார்கள். திருகோணமலை மாவட்டத்தின் ஐக்கிய மக்கள் சக்தி உறுப்பினர் இம்ரான் மகரூப் அதற்குப் பிறகும் அந்தப் பாலத்தைப் பற்றிச் சபையில் பேசிவந்தார். சபையிலும் வெளியிலும் பெரிதாக ஒலித்த கேள்வி ஒன்றுதான்: இந்த மிதவைக்கு அனுமதி கொடுத்தது யார்? அரச தரப்பின் விரல் நகர சபையை நோக்கி நீண்டது. மிதவையை நடத்தியவர்கள் கைதானார்கள். நகர சபைத் தலைவரும் கைதானார். குற்றத்துக்குத் தண்டனை தேடும் நீதிமன்றத்துக்கு அந்தக் கேள்வி பொருந்தும். பாராளுமன்றம் கேட்டிருக்க வேண்டியது வேறு. ஒரு பாலத்தின் வேலையைத் தொடங்கும்போது, அது முடியும்வரை மக்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கும் பொறுப்பு யாருடையது? அதற்கென மதிப்பீட்டில் எவ்வளவு பணம் வைக்கப்பட்டது? பாலம் கட்டும் ஒப்பந்தங்களில் தற்காலிகப் போக்குவரத்துக்கு இடம் வைப்பது பொறியியலாளர்களுக்குப் புதிய விடயமல்ல. பாலத்துக்கு அடிக்கல் நட்ட கையோடு இதைக் கேட்டிருந்தால் அது ஒரு சாதாரண வினாவாக முடிந்திருக்கும். நவம்பர் 23க்குப் பிறகு அது ஒப்பாரியாகிவிட்டது. எதிர்க்கட்சியின் கேள்விக்கு உயிரைக் காக்கும் வலு இருப்பது விபத்துக்கு முன்னால்தான். விபத்துக்குப் பின்னால் வரும் கேள்விக்குப் பயன் உண்டென்றால், ஊர் மறந்த பிறகும் அது திரும்பத் திரும்ப வரவேண்டும்.

மக்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கும் வழி கைக்கு எட்டாததாகவும் இருக்கவில்லை. மிதவைகளின் மேல் பலகைத் தளம் போட்டு ஓட்டும் பாதை, பாரம் நடுவில் பரவியிருக்கும்வரை ஆடாமல் நிற்கும். மோட்டார் சைக்கிள்கள் ஒரு பக்கம் நெருங்கி, நிற்கும் ஆட்களும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டால் தளத்தின் ஓரம் தண்ணீருக்குள் இறங்கும். ஓரம் ஒருமுறை மூழ்கிவிட்டால், மிதவையை நிமிர்த்தும் விசை சட்டென்று குறைந்துவிடும். பயத்தில் ஆட்கள் நகர நகரச் சாய்வு கூடும். புத்தகப் பையை முதுகில் மாட்டிய பிள்ளைக்கு நீந்தத் தெரிந்திருந்தாலும் பை நனைந்து பாரமாகிவிடும். எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதிய பலகை, அதற்கு மேல் ஏற்றாமல் தடுக்க ஒரு ஆள், தலைக்கொரு உயிர்காப்பு அங்கி, உயரமான கைப்பிடிக் கம்பி. தேவை இவ்வளவுதான். இதற்கு வெளிநாட்டுக் கடன் வேண்டியதில்லை. கடற்படையின் கிழக்குப் பிராந்தியத் தலைமையகம் இருப்பதே திருகோணமலைத் துறைமுகத்தில். விபத்து நடந்து சில நாட்களுக்குள் அதே இடத்தில் கடற்படை பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கியது. படகும் ஆளும் அங்கியும் அதே மாவட்டத்தில், கொட்டியாரக் குடாவின் கரையிலேயே இருந்தன என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். முந்திய வாரம் அந்தச் சேவை ஏன் இல்லை என்பதற்கு, கேட்பார் இல்லை என்பதைத் தவிர எனக்கு வேறு விளக்கம் தெரியவில்லை.

கேட்பார் இல்லாமற் போனதற்கு ஒரு காரணம் அதிகம் பேசப்படுவதில்லை. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் நடக்கவில்லை. விபத்து நடந்த நாளில் மாகாணம் ஆளுநரின் நிர்வாகத்தில் இருந்தது. குறிஞ்சாக்கேணித் துறையில் காலையில் எத்தனை பிள்ளைகள் ஏறுகிறார்கள் என்று அறிந்த ஒருவர் எழுந்து கேட்பதற்கு, மாகாண மட்டத்தில் ஓர் ஆசனம்கூட இல்லை. ஆளும் கட்சி இல்லாத இடத்தில் எதிர்க்கட்சியும் இல்லை. எல்லாச் சுமையும் கொழும்பிலுள்ள பாராளுமன்றத்தின் தலையில் விழுந்தது. திருகோணமலை மாவட்டத்துக்கு அங்கே இருப்பவை நான்கு ஆசனங்கள்.

எதிர்க்கட்சி பிணத்தின் மேல் அரசியல் செய்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. கண்டனத்தோடு நிறுத்திக்கொள்ளும் உறுப்பினரைப் பார்த்தால் அந்தக் குற்றச்சாட்டு நியாயமாகவே படும். கிண்ணியா மக்களும் அன்று கட்சி பார்க்கவில்லை; அவர்களுடைய கோபம் உள்ளூர்ப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வீட்டையே தாக்கியது. வன்முறையை ஏற்க முடியாது. ஆனால் அந்தக் கோபத்தின் பொருள், எங்கள் வாக்கை வாங்கியவர்கள் முன்னமே கேட்டிருக்க வேண்டும் என்பதுதான். மாற்று வீதி இருந்ததே, மக்கள் ஏன் மிதவையில் ஏறினார்கள் என்பது இன்னொரு வாதம். சுற்றிப் போக நேரமும் எரிபொருளும் வேண்டும்; காலை மணி அடிப்பதற்குள் பிள்ளை பாடசாலையில் நிற்க வேண்டும். பக்கத்தில் பாதை ஓடினால் மக்கள் ஏறத்தான் செய்வார்கள். ஏறுவார்கள் என்று தெரிந்தே திட்டமிடுவதுதான் நிர்வாகத்தின் வேலை. பணம் இல்லை என்ற பதிலில் ஓரளவு உண்மை உண்டு. 2022 பொருளாதார நெருக்கடியில் நாடு முழுவதும் கட்டுமான வேலைகள் நின்றன; விபத்து நடந்து இரண்டு ஆண்டுகள் கழிந்தும் குறிஞ்சாக்கேணிப் பாலம் முடிந்திருக்கவில்லை. பாலத்துக்குப் பணம் இல்லாத காலத்தில்தான் பாதைக்குக் கூடுதல் காவல் தேவைப்படுகிறது.

விசாரணைக்குழு அமைத்தால் போதாதா என்று கேட்கலாம். கேரளத்தைப் பாருங்கள். 2002 ஜூலையில் குமரகத்தில் படகு மூழ்கி 29 பேர் இறந்தார்கள். நீதிபதி நாராயண குறுப்பு ஆணையம் விசாரித்து அறிக்கை தந்தது. 2009இல் தேக்கடியில் 45 பேர்; அதற்கும் ஆணையம் வந்தது. 2023 மே மாதம் தானூரில் சுற்றுலாவுக்காக உருமாற்றிய மீன்பிடிப் படகு ஒன்று அளவுக்கு மீறிய ஆட்களோடு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், மறுபடியும் விசாரணை. அறிக்கைகளுக்கு அங்கே குறைவில்லை. சொன்னதில் எதைச் செய்தீர்கள், எந்தத் திகதியில் செய்தீர்கள் என்று சபையில் விடாமல் நச்சரிக்கும் ஒருவர் இல்லாவிட்டால் அறிக்கை அலுமாரிக்குப் போய்விடும். நம் பாராளுமன்றத்தில் அதற்கு வழி இருக்கிறது. வாய்மூல விடைக்கான வினாவுக்கு அமைச்சர் பதில் சொல்ல வேண்டும். நிலையியற் கட்டளை 27/2இன் கீழ் கட்சித் தலைவர்கள் பொதுமக்களைப் பாதிக்கும் அவசர விடயங்களை எழுப்பலாம். சொன்ன பதில் ஹன்சாட்டில் பதிவாகும். ஆட்சி மாறினாலும் அந்தப் பதிவு அழியாது. குறிஞ்சாக்கேணிக்குப் பிறகு 2022இலும் 2024இலும் ஜனாதிபதிகள் மாறினார்கள். அன்று எதிர்வரிசையில் இருந்த சிலர் இன்று அமைச்சர்கள். அன்றைய கேள்வி இப்போது அவர்களிடம் வந்து நிற்கிறது.

இதை வாசிக்கும் உங்களில் பலருடைய ஊரில் இன்றும் ஒரு பாதையோ பயணிகள் படகோ ஓடிக்கொண்டிருக்கலாம். அதற்கு அனுமதி கொடுத்தது யார், எத்தனை பேரை ஏற்றலாம், கடைசியாக எந்தத் திகதியில் பரிசோதித்தார்கள் என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் உரிய அதிகாரிகள் தீர்மானிக்க வேண்டும். கிடைத்த பதிலின் பிரதி ஒன்றை உங்கள் பாராளுமன்ற உறுப்பினரின் கையில் கொடுத்து, சபையில் எப்போது கேட்பீர்கள் என்று திகதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.