தாகூரின் துக்கமும் கடைசி நம்பிக்கையும்
ரவீந்திரநாத் தாகூருக்கு 41 வயது இருக்கும்போது, 1902 நவம்பரில், மனைவி மிருணாளினி காலமானார். மறு ஆண்டே இரண்டாவது மகள் ரேணுகா. 1905இல் தந்தை தேவேந்திரநாத். 1907இல் கடைக்குட்டி ஷமீந்திரநாத், பதினோரு வயதுகூட நிரம்பாதவன், விடுமுறைக்குப் போன முங்கேரில் காலராவுக்குப் பலியானான். 1918இல் மூத்த மகள் மாதுரிலதாவும் போனார். பெற்ற ஐவரில் மூவருக்குத் தகப்பன் உயிரோடிருக்கும்போதே சாவு வந்தது. வங்க மொழியில் 'கீதாஞ்சலி' வெளியான ஆண்டு 1910. அதைப் பரவசப் பாடல்களாக மட்டும் வாசிப்பவர்கள் அதற்கு முந்தைய இந்தச் சாவுகளின் தேதிகளைக் கவனிப்பதில்லை.

தாகூர் பிரம்ம சமாஜக் குடும்பத்தில் வளர்ந்தவர். உபநிடதம் உண்டு, விக்கிரகம் இல்லை, நேர்த்திக்கடன் இல்லை. வேண்டிக்கொண்டால் சாவு விலகும் என்ற எதிர்பார்ப்புக்கு அந்தச் சமயத்தில் இடம் குறைவு. துக்கத்தை அவர் எப்படிச் சுமந்தார் என்பதை ஒரு கடிதம் காட்டுகிறது. 1932இல் மகள் மீராவின் ஒரே மகன் நிதீந்திரநாத் ஜெர்மனியில் காசநோயால் இறந்தான், வயது இருபது. சாந்திநிகேதனில் அப்போது மழைக்கால விழா நெருங்கியிருந்தது. தாத்தாவின் துக்கத்துக்காக விழாவை நிறுத்திவிடலாம் என்றார்கள் சிலர். அவர் சம்மதிக்கவில்லை, தன் துக்கத்தின் பாரம் தன்னோடு என்பது அவர் நிலை. அந்த நாட்களில் மீராவுக்கு எழுதியபோது ஷமீந்திரநாத்தின் மரணத்தை நினைவுகூர்ந்தார். மகன் போன மறுநாள் இரவு ரயிலில் வரும்போது வானமெங்கும் நிலா வெளிச்சம். எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. எல்லாம் அந்த முழுமைக்குள்ளேயே இருக்கிறது, தானும் அதற்குள்தான் என்று மனம் சொன்னதாம். பிள்ளையைப் பறிகொடுத்த மகளுக்கு இதைவிடக் கடினமான ஆறுதலை எந்தத் தகப்பனும் எழுதியிருக்க மாட்டான்.

பிறர் துன்பத்துக்குக் கடவுள் பெயரில் காரணம் கற்பிப்பதை மட்டும் அவரால் பொறுக்க முடியவில்லை. 1934 ஜனவரி 15 அன்று பீகாரை நிலநடுக்கம் குலைத்தது. அப்போது தமிழ்நாட்டில் சுற்றுப்பயணத்தில் இருந்த காந்தி, தீண்டாமைப் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை அது என்று திருநெல்வேலியில் பேசினார். தீண்டாமையைத் தாகூரும் வெறுத்தவர்தான். ஆனாலும், இயற்கைச் சீற்றத்துக்கு இயற்கையில்தான் காரணம் தேட வேண்டும் என்று வெளிப்படையாக மறுத்தார். 'ஹரிஜன்' இதழில் மறுப்பையும் தன் பதிலையும் காந்தியே வெளியிட்டார்.

முதுமை அவருக்கு மெல்ல வரவில்லை. 1937 செப்டம்பரில் திடீரென நினைவிழந்து கிடந்தார். மீண்டு வந்த அனுபவம் 'பிராந்திக்' கவிதைகளானது. 1940 செப்டம்பரில் கலிம்போங்கில் மறுபடி விழுந்தார். அதன்பின் பெரும்பாலும் படுக்கைதான். பேனா பிடிக்க முடியாத நாட்களில் அவர் சொல்லச் சொல்லப் பக்கத்தில் இருந்தவர்கள் கவிதைகளை எழுதிக்கொண்டார்கள். இந்தக் கவிதைகளில் பக்தியின் குழைவு குறைவு. கேள்விகள் அதிகம், பதில் வராத கேள்விகளும் உண்டு.

சிறுநீர் அடைப்புக்காக 1941 ஜூலை 30 அன்று கல்கத்தா ஜோராசாங்கோ வீட்டிலேயே அறுவைச் சிகிச்சை நடந்தது. அவருக்கு அதில் விருப்பமில்லை. அன்று காலை கடைசிக் கவிதையைச் சொன்னார். படைப்பின் பாதையில் வஞ்சக வலை விரித்திருப்பவளை நோக்கிப் பேசும் கவிதை அது. ஏமாற்றங்களை எளிதாகத் தாங்குகிறவனுக்கே அழியாத அமைதி உரியது என்று முடிகிறது. பிறகு திருத்திக்கொள்ளலாம் என்றிருந்தார்; முடியவில்லை. ஆகஸ்ட் 7 நண்பகலில், எண்பது வயதில், உயிர் பிரிந்தது. அந்தக் கடைசிக் கவிதைகளின் தொகுப்புக்கும் பெயர் வைக்க அவருக்கு அவகாசம் இருக்கவில்லை. அது 'சேஷ் லேகா' என்ற பெயரில் வெளிவந்தது.