அம்மாவின் முழங்கைக்கு ஏற்றபடி ஓர் அடுக்களை!

நேரே மொட்டை மாடிக்கு வந்துவிடுங்கள். எங்கள் புது அடுக்களை இப்போதைக்கு அங்கேதான் இருக்கிறது, சாக்பீஸ் கோடுகளாக!

இடிக்கும் வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை. டைல்ஸ் வாங்கவில்லை, பெயின்ட் நிறம்கூட முடிவாகவில்லை. ஆனால் ஷோரூம்களில் காட்டாத, இன்டீரியர் படங்களில் தெரியாத ரகசியங்கள் எல்லாம் இந்தக் கட்டத்தில்தான் இருக்கின்றன. இவ்வளவு குஷியான வேலை வேறு எதுவும் இல்லை என்று சத்தியம் செய்வேன்.

மாடியில் ஓர் ஒத்திகை

சென்னை ஃபிளாட்டில் எங்கள் அடுக்களை 7க்கு 10 அடி. அதே அளவில் தரையில் கோடு போட்டு, மேடை, சிங்க், அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் வரைந்தோம். பிறகு உள்ளே நின்று சமைத்தோம். நான் ஃபிரிட்ஜைத் திறந்து கத்தரிக்காய் எடுக்கிறேன், அம்மா தோசையைத் திருப்புகிறார், எல்லாம் வெறுங்கையால்தான். டமால்! ஃபிரிட்ஜ் கதவு திறக்கும் இடத்தில்தான் தோசைக்கல்! ஈரத்துணியால் ஒரு துடைப்பு, ஃபிரிட்ஜ் வாசல் பக்கம் போய்விட்டது. கிரானைட் பதித்த பிறகு இப்படி நகர்த்த முடியுமா, சொல்லுங்கள்!

இந்த விளையாட்டுக்குப் பெரிய பரம்பரையே உண்டு. ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி, 1926-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஓர் அடுக்களை வடிவமைத்தார். ரயிலில் இருக்கும் சின்னஞ்சிறு சமையலறையைப் பார்த்து, சமைப்பவர் வீணாக நடக்கக் கூடாது என்று ஒவ்வோர் அடியையும் யோசித்து வைத்தார். இன்றைய மாடுலர் கிச்சனுக்கு அதுதான் பாட்டி. அதன் அளவு 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர். சதுர அடியில் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 70. எங்களுடையதும் அதே 70! அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

டேப்பும் முழங்கையும்

"நேரா நில்லுங்கம்மா, கையை மடக்குங்க" என்றார் கார்பெண்டர். அம்மா கரண்டி பிடிக்கும் பாவனையில் கையை மடக்க, தரையிலிருந்து முழங்கை வரை டேப் ஓடியது. 37 அங்குலம். முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் கீழே மேடை இருந்தால் தோள் வலிக்காது என்பது கணக்கு. எங்கள் பழைய மேடையோ 36! அதன் மேல் அடுப்பு, அதன் மேல் கடாய். இத்தனை வருடமும் அம்மா தோளைத் தூக்கித் தூக்கியே அல்வா கிளறியிருக்கிறார்.

இனி அது கிடையாது. அடுப்பு வரும் பக்கம் 30 அங்குலம். காய் நறுக்குவது என் வேலை, என் உயரத்துக்கு அந்தப் பக்கம் 35. ஒரே மேடை, இரண்டு மட்டம்!

கல்லுக்குப் புளிப் பரீட்சை

கல் கடைகளில் கேட்டால் சின்னத் துண்டுகள் தருவார்கள். வாங்கி வந்து, மேலே கெட்டிப் புளிக்கரைசலும் மஞ்சள் குழைத்த எண்ணெயும் விட்டு, இரவெல்லாம் வைத்தோம். காலையில் துடைத்துப் பார்த்தால், வெள்ளை மார்பிளில் புளி பட்ட இடம் பளபளப்பு போய் மங்கிக் கிடக்கிறது. பக்கத்தில் மஞ்சள் வட்டம். மார்பிளில் இருப்பது சுண்ணாம்புச் சத்து, புளிப்பு பட்டால் அரிக்கும். ஆந்திராவின் சீமகுர்த்தியிலிருந்து வரும் பிளாக் கேலக்ஸி கிரானைட் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் தங்கப் புள்ளிகளோடு மின்னியது. தினமும் சாம்பார் வைக்கும் வீட்டுக்கு வேறென்ன வேண்டும்!

சுவருக்குள்ளே, கதவுக்குப் பின்னே

இப்போது கீழே வாருங்கள். சுவரெல்லாம் பென்சில் கட்டங்கள்! ஒவ்வொன்றும் ஒரு பிளக் பாயின்ட். 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், 6 ஆம்ப் பிளக் தாங்காது. அதற்கும் ஓவனுக்கும் தனித்தனியே 16 ஆம்ப். கிரைண்டருக்கு நிரந்தரமாக ஓர் இடம், அதன் தலைக்கு மேலேயே பிளக். குழாயும் வயரும் பதித்ததும், பூசி மூடுவதற்கு முன்னால், டேப்பை நீட்டிப் பிடித்து ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்துவிடுவோம். பிற்பாடு ஆணி அடிக்க வருபவர் அந்தப் படத்தைப் பார்த்தால் போதும், குழாய் தப்பிக்கும்.

சிங்கின் கீழே ஐ.எஸ். 710 முத்திரை குத்திய பிளைவுட். 72 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் போட்டுச் சோதிக்கும் தரம் அது. சிலிண்டர் அலமாரிக் கதவின் அடியில் காற்றுத் துளைகள் வருகின்றன. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும், கீழே வழி இருந்தால்தான் வெளியேறும். அஞ்சறைப் பெட்டிக்கு அடுப்பை ஒட்டியே ஒரு டிராயர். பொங்கலுக்கு மட்டும் இறங்கும் பித்தளைப் பானைக்குப் பரண். சிம்னிக் குழாய் வளைந்து நெளியாமல் நேரே வெளிச்சுவருக்கு. வளைவு குறைந்தால் தாளிப்புப் புகை சட்டென்று வெளியேறும்.

நிறத்தையும் கைப்பிடியையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். யார் சமைக்கிறார், என்ன சமைக்கிறார் என்பதிலிருந்து ஆரம்பித்தால் அடுக்களை தானாக அழகாகிவிடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

அடுத்த வாரம் இடிப்பு! குக்கரும் இண்டக்ஷன் அடுப்பும் பால்கனிக்குக் குடிபோகத் தயார். புது அடுப்பில் முதலில் பால் காய்ச்சுவது என்பதில் பேச்சே இல்லை. அடுத்தது என்ன என்பதில்தான் வீடே இரண்டு கட்சி. அம்மா சேமியா பாயசம் என்கிறார். நான் வாழைக்காய் பஜ்ஜி. சிம்னி இழுக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?