செவி தாங்கும் சில விநாடிகள்

தவணைத் திகதியையும் கோவை இலக்கத்தையும் தொலைபேசியிற் கேட்டுவிட்டு, பேனாவைத் தேடி எடுப்பதற்குள் பாதியை இழந்துவிடுவது எம்மவர் பலருக்கும் பழக்கமான சங்கடம். உடனே வயதையும் கவலையையும் நொந்துகொள்கிறோம். உண்மையில் இது மனித நினைவின் பொது இயல்பு.

இவ்வியல்பை ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் ஜோர்ஜ் மில்லர். பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய அவர், அதன் அயலூராகிய பிளெய்ன்ஸ்பரோவில் 2012 யூலை 22 இல் தமது 92 ஆவது வயதிற் காலமானார். உடனடி நினைவு ஒரே வேளையில் ஏறத்தாழ ஏழு அலகுகளையே தாங்கும் என 1956 இல் அவர் எழுதினார். பின்வந்தோர் சிலர் நான்கே என்பர். அமெரிக்கக் குடிவரவுக் கோவை இலக்கமோ பெரும்பாலும் எட்டு அல்லது ஒன்பது எண்கள் கொண்டது.

கண்வழி வருவதும் காதுவழி வருவதும் நினைவில் ஒரே விதமாக நிற்பதில்லை. ஒரு பட்டியலைப் படித்தவரைவிடக் கேட்டவர் அதன் இறுதிப் பகுதியைச் செம்மையாகத் திருப்பிச் சொல்வார். கண்ணிற் பட்ட உருவத்தின் சாயல் ஒரு விநாடிக்குள் மங்கிவிட, ஒலியின் சுவடு சற்றுக் கூடுதலாக நிற்பதே காரணம் என 1969 இல் குரவுடர், மோட்டன் என்னும் ஆய்வாளர்கள் விளக்கினர். ஆனால் பட்டியல் முடிந்ததும் தேவையற்ற ஒரு சொல் ஒலித்தாற் போதும், அந்த அனுகூலம் பெரிதும் அழிந்துவிடும். எண்களைச் சொன்னபின் மறுமுனையில் "சரிதானே?" என்று எழும் குரலே அதைச் செய்துவிடலாம். பழகாத மொழியிற் கேட்கும்போது தாங்கும் அளவு மேலும் குறைகிறது.

எமது மரபு செவிக்கு உயர்ந்த இடம் தந்தது. மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளை போன்ற சதாவதானிகள் கேட்டவற்றை மனத்தில் இருத்திச் சபையை வியக்கவைத்தனர். அது நெடும் பயிற்சியின் பேறு. தஞ்சம் கோரி நிற்கும் ஒருவரிடம் எதிர்பார்க்கத் தக்கதன்று. அமெரிக்கக் குடிவரவு நீதிமன்றத்தில் தவணையைத் தவறவிட்டால், அவர் இல்லாமலே நாடுகடத்தும் ஆணை பிறக்கலாம்.

ஆகவே, கேட்ட எண்களை மும்மூன்றாகப் பிரித்து உடனே வாய்விட்டுத் திருப்பிச் சொல்வோம்; சொல்லியவாறே எழுதுவோம். எழுத்தில் தருமாறு கேட்பதில் வெட்கமில்லை. விசாரணையில் நீண்ட பதிலைச் சிறு பகுதிகளாக நிறுத்திச் சொல்வோம். மொழிபெயர்ப்பாளரின் நினைவுக்கும் அதே எல்லைதான். அவர் தவறவிடும் ஒரு திகதி, பதிவேட்டில் எமது முரண்பாடாகவே நின்றுவிடும்.